பின்பாட்டுக்காரன்

சித்திரை மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்னாலும் வேலூரில் சுவர் சுடும். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஃபேன் ஓடினால் அனல்தான் சுற்றி வரும். தூரத்தில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு முடிந்திருக்கும். கீழே அம்மா வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் பிரீ என்கிற ஊரில் ஒரு சத்திரத்து வாசலில் நின்று, முதுகில் இருக்கும் லூட் என்கிற நரம்பு வாத்தியத்தைக் கையில் எடுப்பேன். சாய்கோடு போட்டு மியூசிக் என்று தட்டினால் போதும், கீபோர்டில் இருக்கும் எண்கள் எல்லாம் சுரங்களாக மாறிவிடும். ஒன்றைத் தட்டினால் ஆதார சட்ஜம், எட்டைத் தட்டினால் மேல் சட்ஜம். பக்கத்தில் யார் நடந்து போனாலும் அவர்கள் கம்ப்யூட்டரிலும் அது கேட்கும். அவர்கள் எங்கோ அமெரிக்காவில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் முறை ஒருவர் நின்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. பெரிய கவசம், முதுகில் பெரிய கத்தி. எங்கேயோ அவசரமாக ஓடிக்கொண்டிருந்தவர் நின்றார், திரும்பினார், தரையில் உட்கார்ந்தார். நான் அப்போது வாசித்தது மோகனத்தில் வெறும் ஏற்ற இறக்கம், அவ்வளவுதான். அவர் ஒன்றும் எழுதவில்லை. முடித்ததும் கை தட்டிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு ராணிப்பேட்டையில் வேலைக்குப் போய் உட்கார்ந்தும், கணக்குப் புத்தகத்தில் எண்களை எழுதும்போது அவர் உட்கார்ந்த விதமே கண்ணில் நின்றது.

ஆட்டத்தின் பெயர் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன். 2007 ஏப்ரலில் வெளிவந்தது. மாதா மாதம் டாலரில் கட்ட வேண்டும் என்பதால் அப்போது எனக்கு எட்டாத விஷயம். 2010 செப்டம்பரில் அமெரிக்காவில் அதை இலவசமாக்கினார்கள். எங்கள் வீட்டு இணைய இணைப்பில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை, மற்ற நேரத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. 512 கே.பி.பி.எஸ். வேகத்தில் ஆட்டத்தை இறக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தினமும் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஓட விட்டு, 8 மணிக்கு நிறுத்துவேன். இந்த 2 முதல் 8 என்கிற கணக்குதான் பிறகு என்னை அந்த ஊரோடு கட்டிப்போட்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கிறவர்களுக்குச் சாயங்காலம் 8 மணி என்றால் எனக்குக் காலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு ஆறரை. அவர்கள் கச்சேரி வைக்கிற நேரமும் எனக்குக் காசில்லாமல் இணையம் கிடைக்கிற நேரமும் ஒன்றாகவே இருந்தன.

என் பாத்திரத்துக்குப் பாலார் என்று பெயர் வைத்தேன். இடுப்பளவு உயரம், வெறுங்கால், சுருட்டை முடி உள்ள ஹாபிட். பெயருக்கு அர்த்தம் கேட்டவர்களிடம் எங்கள் ஊர் ஆறு என்று சொல்வேன். பெரிய ஆறா என்று கேட்பார்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் அகலம் என்பேன். அது பொய்யில்லை. தண்ணீரைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மின்ஸ்ட்ரல், அதாவது பாட்டுக்காரன் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தது கையில் வாத்தியம் இருந்ததால்தான். சண்டையில் அவன் என்ன செய்வான் என்று படித்துப் பார்க்கவில்லை. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அவன் வேலை மற்றவர்களைக் காப்பாற்றுவது. இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. மற்ற ஆட்டங்களில் உயிர் என்று ஒரு கோடு இருக்கும், அடிபட அடிபடக் குறையும். இதில் அந்தக் கோட்டுக்குப் பெயர் மொரால், அதாவது மன உறுதி. அடி விழுந்தால் குறைவது உயிரில்லை, தைரியம். கோடு காலியானால் நீ செத்துவிட்டாய் என்று ஆட்டம் சொல்லாது, தோற்றாய், பின்வாங்கு என்றுதான் சொல்லும். பயங்கரமான எதிரி முன்னால் நின்றாலே, அவன் கை ஓங்குவதற்கு முன்பே, அந்தக் கோட்டின் நீளம் சுருங்கிவிடும். கலைந்த மனசை யார் தேற்றுவார்? பாட்டுக்காரன்தான். மருந்து போட்டு, மந்திரம் போட்டுக் குணமாக்குகிறவர்களை எத்தனையோ ஆட்டத்தில் பார்த்திருக்கிறேன். பாட்டால் தைரியம் வருகிறது என்று அடித்தளத்திலேயே வைத்துக் கட்டிய ஆட்டம் எனக்கு இது ஒன்றுதான்.

மின்ஸ்ட்ரல் என்பதை மனசுக்குள் பாணன் என்றே வைத்துக்கொண்டேன். புறநானூற்றில் 281ஆம் பாட்டு ஒன்று உண்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்து கிடக்கிறான் ஒரு வீரன். வீட்டு இறவாணத்தில் வேப்பிலையும் இரவ இலையும் செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கின்றன, ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். எல்லாம் எதற்கு? அவன் புண்ணைக் காக்க. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மனப்பாடப் பாட்டு. ஆட்டத்தில் பாலார் லூட்டை மீட்டி, முன்னால் அடிவாங்கிக்கொண்டிருப்பவனின் பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்தபோதுதான் அந்த வீட்டுக்குள் போய் நின்றேன். இசை புண்ணை ஆற்றும் என்று நம்முடைய ஆட்கள் வேடிக்கைக்கு எழுதவில்லை. ராத்திரி முழுக்க ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் படுத்திருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன். பிரீ ஊருக்குப் பக்கத்தில் புதைகுழி மேடுகள் இருக்கும். பேரோ டவுன்ஸ் என்று பெயர். அதில் கிரேட் பேரோ என்கிற பெரிய கல்லறைக்குள் ஆறு பேர் கூட்டாகப் போனோம். ஒரு ராத்திரி நான் பட்ட பாடு அது. இருட்டு, எலும்பும் தோலுமாக எழுந்து வருகிற பிணங்கள், ஒவ்வொரு வளைவிலும் புதிதாக இரண்டு. நான் செய்த தப்பு என்னவென்றால் எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வருகிறான், எவ்வளவு பெரியவன், நானும் ஒரு அடி கொடுக்கலாமா என்று. அதற்குள் முன்னால் நின்றவர் விழுந்தார், அடுத்தவர் விழுந்தார், பிறகு எல்லாரும். மூன்று முறை இப்படி ஆனது. நாலாவது முறை, முன்னால் நின்ற அந்த ஆள் ஒரு வரி எழுதினார்: நீ என்னைப் பார், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் மாமா குரல்தான் கேட்டது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஆரணிப் பக்கத்துக் கிராமம். இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்று எழுதுகிறோம், 1989 வரைக்கும் எல்லாம் சேர்ந்து வட ஆர்க்காடுதான். மாமா ஒரு கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், மிருதங்கம். ஊரில் மத்தளம் என்றுதான் சொல்வார்கள். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அவரை வீட்டில் பார்க்கவே முடியாது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம். மண்ணில் படுத்துக் கிடக்கிற பெரிய துரியோதனன் பக்கத்தில் கூட்டம் நெரியும்போதுகூட மாமா ஓரத்தில் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டீயோடு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது முழுப் பரீட்சை லீவில் அவரோடு போயிருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டுவார்கள். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மத்தளம், தாளம், பெட்டி, முகவீணை எல்லாம் சேர்ந்து வெறும் வாத்தியமாக முழங்கும். பக்கத்து ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வரவேண்டும், அப்படி. பெட்டி என்றால் ஆர்மோனியம். முகவீணை என்றால் முழங்கை நீளம்கூட இல்லாத சின்னக் குழல். ஆனால் சத்தம் வயல் தாண்டிப் போகும். வாத்தியக்காரர்கள் பின்னால் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பின்பாட்டுக்காரர்கள் அவர்களோடு நிற்பார்கள். கூட்டம் யாரைப் பார்க்கும்? கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் சலங்கையைத் தட்டுகிறவனைத்தான் பார்க்கும். நான் மட்டும் மாமாவுக்குப் பக்கத்தில் பெஞ்சு முனையில் உட்கார்ந்திருந்ததால் ஆட்டக்காரர்களின் முதுகையும் மாமாவின் முகத்தையும்தான் பார்த்தேன்.

அவர் கையைப் பார்த்ததே இல்லை. கூட்டத்தையும் பார்த்ததில்லை. இமை கொட்டாமல் ஆடுகிறவனின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் கிறிக்கி அடிக்க, அதாவது சுழன்று ஆட, போகிறான் என்பது அவன் குதிகாலைத் திருப்பும்போதே மாமாவுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி வந்து அவன் நிற்கிற இடத்தில் தொம் என்று ஒரு அடி விழும். அவன் நின்றதால் அடித்தாரா, அவர் அடித்ததால் அவன் நின்றானா என்று சொல்லவே முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு, கர்ணன் போருக்குப் புறப்படும்போது, வேஷக்காரர் களைத்துப்போய்க் குரல் இறங்கும். அந்த நேரத்தில் மாமா அடியை இறுக்குவார். பின்பாட்டுக்காரர் அவர் வரியை முன்னாலேயே எடுத்துக் கொடுப்பார். முகவீணை அவர் விட்ட சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் நிமிர்ந்துவிடுவார். கண் முன்னால் ஒரு மனுஷனைத் தூக்கி நிறுத்துவார்கள். அது எனக்கு அப்போது புரியவில்லை, தூக்கம்தான் வந்தது.

எனக்கு மத்தளம் சொல்லிக்கொடுக்க அவர் ஆசைப்பட்டார். இரண்டு லீவு போய்க் கற்றுக்கொண்டேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "உன் கைய இன்னாத்துக்குப் பாக்கற? கை எங்கியும் ஓடிடாது. ஆடறவன் கால பாரு, மாப்ள." மூன்றாவது லீவில் டியூஷன் வந்துவிட்டது.

கல்லறைக்குள் நாலாவது முறை போனபோது நான் எதிரியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. திரையில் இடப்பக்கம் ஐந்து பச்சைக் கோடுகள் இருக்கும், கூட வருகிற ஐந்து பேருடையவை. அவற்றை மட்டுமே பார்த்தேன். கோடு குறைந்த பிறகு பாடினால் பாதி நேரம் தாமதம், ஏனென்றால் பெரிய பாட்டுக்குச் சில நொடி பிடிக்கும், நடுவில் யாராவது உன்னை அடித்தால் அது தடைபடும். அதனால் குறையப் போவதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் நிற்கிறவர் இரண்டடி முன்னால் வைத்தால் மூன்று எதிரிகள் அவர் மேல் விழப்போகிறார்கள், அப்போதே ஆரம்பித்துவிட வேண்டும். ரொம்ப அதிகமாகப் பாடினாலும் எதிரிகள் எல்லாம் உன் பக்கம் திரும்பிவிடுவார்கள். எங்கே பாட வேண்டும் என்பதைவிட எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது கஷ்டம். அன்றைக்கு வெளியே வந்தோம். ஒருவரும் விழவில்லை. வேலூரில் விடிந்திருந்தது. நான் மாடியில் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெஞ்சு முனையில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகள் எல்லாம் ஒன்றாக வந்தன.

சண்டைப் பாட்டு வேறு, உண்மையான வாசிப்பு வேறு. சண்டையில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டமே அதற்கான மெட்டை வாசித்துவிடும். சத்திர வாசலில் அப்படி இல்லை, நீதான் வாசிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று கீபோர்டில் நேரே தட்டுவது. இன்னொன்று பாட்டை எழுத்தாக எழுதி, ஏ.பி.சி. என்கிற முறையில் ஒரு சாதாரணக் கோப்பாகச் சேமித்து, மியூசிக் என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு வாசிக்கச் சொல்வது. கிறிஸ் வால்ஷா என்பவர் நாட்டுப்புற மெட்டுகளைக் குறித்துவைக்க உருவாக்கிய முறை அது, 1990களில் இணையத்தில் பரவியது. ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கிற வேலை கிடையாது. எழுத்துதான். ச ரி க ம எழுதிப் பார்த்த நமக்கு இது அந்நியமே இல்லை. மேல் ஸ்தாயிக்கு நாம் புள்ளி வைப்போம், அவர்கள் சின்ன எழுத்தாக்குவார்கள். கீழ் ஸ்தாயிக்கு ஒரு காற்புள்ளி. நீட்டிப்புக்கு நாம் காற்புள்ளி போடுகிற இடத்தில் அவர்கள் எண் போடுவார்கள். மேலே தலைப்பு, தாளம், வேகம், சுருதி என்று நாலைந்து வரி. நம்ம ஊர் நோட்டில் ராகம், தாளம் எழுதுகிற மாதிரியேதான்.

மூன்று ஸ்தாயி, மொத்தம் 37 சுரம். மோகனம் எழுதுவது சுலபம். சி, டி, ஈ, ஜி, ஏ, ஐந்தே எழுத்து. எழுதி வாசித்தால் கேட்கவும் மோகனமாகவே இருந்தது. துணிச்சல் வந்து முகாரியில் கை வைத்தேன். அது பிணமாகக் கிடந்தது. காரணம் தெரிந்ததுதான். ஆட்டத்துச் சுரங்கள் படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியில்லை, அசைக்க வழியில்லை. முகாரியின் உயிரே அந்த அசைவுதானே. இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஒரு சுரத்துக்கு முன்னால் அதற்கு மேல் சுரத்தை முப்பத்திரண்டில் ஒரு பங்கு நேரம் தொட்டுவிட்டு இறங்கினால் கொஞ்சம் அசைகிற மாதிரிக் கேட்கும். லூட்டில் அது கரடுமுரடு. புல்லாங்குழலில் பரவாயில்லை. ஒரே வரியை ஒரு ராத்திரியில் முப்பது தடவை திருத்தியிருக்கிறேன். கடைசியில் முகாரியை விட்டுவிட்டேன். சில ராகங்கள் அந்த ஊருக்கு வராது, அதை ஒத்துக்கொள்வதுதான் மரியாதை.

முகவீணை அந்த ஊரில் கிடையாது. இருக்கிறதிலேயே கிட்டத்தில் வருவது எது என்று கிளாரினெட், பேக்பைப், கொம்பு எல்லாவற்றையும் முயன்றேன். பேக்பைப்புக்கு அந்தக் கூர்மை உண்டு, ஆனால் அது முகவீணை ஆகவில்லை. பிறகு பிப்கார்ன் என்று ஒன்று வந்தது. மூக்கால் பாடுகிற மாதிரிக் குரல். அதோடு புல்லாங்குழலை ஒரு ஸ்தாயி மேலே சேர்த்து எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு வயலோரத்தில் உட்காரலாம். டிரம்மில் ஒவ்வொரு சுரமும் ஒரு வேறு அடி. தொம்முக்கு எது, நம்முக்கு எது, தீக்கு எது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, மஞ்சளாகிவிட்டது.

கோப்பை ஓட விட்டுவிட்டு பொம்மையை நிறுத்திவைப்பது எப்படி வாசிப்பாகும் என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கோப்பில் ஒவ்வொரு எழுத்தையும் வைத்தவன் நான். அதைவிட முக்கியம், எப்போது எதை ஓடவிடுவது என்பது. சத்திர வாசலில் நாலு பேர் சண்டைக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்து நிற்பார்கள். அவர்கள் எழுதுகிற இரண்டு வார்த்தையிலேயே தெரியும். அப்போது துள்ளுகிற பாட்டை எடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். மெதுவாக ஒன்று ஆரம்பித்து, ஒருவர் உட்கார்ந்தபிறகு வேகத்தை ஏற்ற வேண்டும். களரி பார்த்து வாசிப்பது என்று மாமா சொல்வது இதைத்தான். நேரே கீபோர்டில் தட்டுவதும் விடாமல் செய்வேன். ஆனால் வேலூரிலிருந்து அங்கே போய்ச் சேர ஒவ்வொரு அடிக்கும் கால் நொடிக்கு மேல் ஆகும், அதனால் தனியாக வாசிக்கும்போது மட்டும்.

கூட்டாக வாசிக்க ஒரு நல்ல ஏற்பாடு ஆட்டத்திலேயே உண்டு. ஆளுக்கொரு பாகத்தை எடுத்து, சிங்க் என்று சேர்த்துக் கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒருவர் ஆரம்பி என்றதும் எல்லார் பாகமும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒஹையோவில் ஒரு நர்ஸ், கனடாவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இன்னும் இரண்டு பேர், நான். வாரம் ஒருநாள், அவர்கள் சனிக்கிழமை சாயங்காலம், எனக்கு ஞாயிறு காலை. அவர்கள் பாட்டுக்கு நான் டிரம். நான் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

2012 ஞாபகம் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. எந்த மணிக்குப் போகும் என்பதும் நிச்சயம் இல்லை. யுபிஎஸ் கீ கீ என்று பத்து நிமிஷம் கத்தும், அவ்வளவுதான். அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு கச்சேரி நடுவில் கரண்ட் போனது. எங்கள் முன்னால் முப்பது பேருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். திரை இருண்டதும் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், ஃபேன் நின்று கொசு வர ஆரம்பித்தது. மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆட்டமே அதை ஓட்டிவிடும். பாட்டு முடிந்திருக்கும், என் டிரம் மட்டும் இருக்காது. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் உள்ளே போய்ப் பார்த்தேன். மைதானம் காலி. வாத்தியார் ஒரு கடிதம் போட்டிருந்தார். நீ போனதும் ஆடிக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள், அடுத்த பாட்டை நாங்கள் எடுக்கவில்லை, உனக்காக வைத்திருக்கிறோம் என்று.

மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் முதல் வேலையாகப் பெரிய பேட்டரி வாங்கினேன். அம்மாவிடம் மிக்ஸிக்கும் ஆகும் என்று சொன்னேன், ஆகவும் ஆனது.

வெதர்டாப் என்கிற குன்றின் மேல் 2009 முதல் வருஷா வருஷம் வெதர்ஸ்டாக் என்று ஒரு இசை விழா நடக்கும். ஆட்டத்தை நடத்துகிறவர்கள் வைப்பதில்லை, வாசிக்கிறவர்களே சேர்ந்து வைப்பது. குழு குழுவாக வந்து வாசிப்பார்கள். பாழடைந்த கோட்டைக் கற்களுக்கு நடுவில் நூற்றுக்கணக்கான பேர் குந்தியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கூத்து பார்க்க வந்த கூட்டம் என்றே தோன்றும். ஒரு வருஷம் பார்க்க மட்டும் போனேன். கம்ப்யூட்டர் திணறிப் படம் படமாக நகர்ந்தது, ஆனால் காதில் ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்ஸ்ட்ரல் மற்ற வகைக்காரர்களுக்கு வாத்தியம் கற்றுக்கொடுக்கலாம். அந்த வாத்தியம் தெரியாத ஒருவன் உன் எதிரில் வந்து நிற்பான், நீ சொல்லிக்கொடுத்த பிறகு அவனும் வாசிப்பான். ஆட்டத்தில் அது சில நொடி வேலை. இருந்தாலும் யாராவது கேட்டு வந்தால் நான் உடனே கொடுத்துவிட்டு ஓட மாட்டேன். கூட உட்கார்ந்து, எண் விசைகளில் சரளி வரிசையை ஒருமுறை வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் செய்வார்கள். எங்கோ டெக்ஸஸில் ஒருவன் ச ரி க ம ப த நி ச என்று தெரியாமலே அதைத் தட்டிக்கொண்டிருப்பான்.

2013 கோடையில் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி, வெளிச்சம் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது. கீழே கூடத்தில் புழுக்கம் என்று மாடி அறையில் என் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஜமாவை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது, விரல் மடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு புதுக் கோப்பு எழுதியிருந்தேன். களரி கட்டுகிற முழக்கம், அப்புறம் கர்ணன் வேஷம் திரைக்குப் பின்னால் வருகிற இடம், பிப்கார்னும் புல்லாங்குழலும் சேர்ந்து மோகனத்தில். மாமாவிடம் சொல்லாமலேயே எழுதியிருந்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் படுத்தபடியே கேட்டார்.

"எந்த ஜமா இது? நம்ம பக்கத்து அடி மாதிரி கீது."

"நான்தான் மாமா எழுதினேன். கூட வாசிக்கறவங்க எல்லாம் அமெரிக்காவுல இருக்காங்க."

"கொழல் யாரு?"

"ஒரு நர்சம்மா."

"நல்லா புடிக்குது." மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடி வைத்தேன். வரிசையாக மூன்று தடவை. மூன்றாவது தடவை பாட்டு முடிவதற்கு முன்னால் கையைத் தூக்கினார்.

"இங்க நிறுத்து. இந்த எடத்துல அவன் பேசுவான்டா. நீ இன்னாத்துக்கு அடிக்கற?"

"மாமா, இதுல யாரும் பேச மாட்டாங்க. வெறும் பாட்டுதான்."

"பேசாட்டி இன்னா? நிக்கறான் இல்ல. எடம் வுடு."

கோப்பைத் திறந்தேன். அந்த வரியில் என் டிரம் பாகத்தில் எட்டு அடி இருந்தது. எட்டையும் அழித்துவிட்டு இசட் 8 என்று எழுதினேன். ஏ.பி.சி.யில் மௌனத்துக்கு எழுத்து அதுதான். சேமித்து, பாலாரைக் கையில் டிரம்மோடு நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். மாமா கறுப்புக் கண்ணாடியோடு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். மடங்காத விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது. எட்டு எண்ணிக்கை போனது. பிறகு தொம் என்று சட்டத்தில் விழுந்தது, ஸ்பீக்கரிலும் விழுந்தது.